புல்லு மிஸ்ஸின் பத்தனை

செய்தி வந்தபோது நான் பால் அளந்துகொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேமலைப் பிரிவில், காலைப் பாலைச் சேர்க்கும் கொட்டகை தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு மேலே, ரோட்டோரத்தில் இருக்கிறது. லொறி வரும் நேரம், வாளிகளோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஹட்டனிலிருந்து இந்திராணி மிஸ்ஸின் தம்பி கோல் எடுத்தார். "அண்ணே, அக்கா விடியக்காலையில போயிருச்சு," என்றார். 

வரிசையில் முதலாவதாக நின்ற மாரியாயி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருங்க, புல்லு மிஸ்ஸா?" என்று கேட்டார். தலையாட்டினேன். வாளியைக் கீழே வைத்தவர், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கி நீட்டினார். "லொறி வந்துரும். அளந்துருங்க." அளந்தேன். எல்லாருடைய பாலையும் அளந்து, லொறியை அனுப்பிவிட்டுத்தான் கொட்டகையைப் பூட்டினேன்.

இதை வாசிப்பவர்களில் பலர் இந்திராணி மிஸ்ஸிடம் ஹட்டனில் உயிரியல் படித்தவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு அவரை வகுப்பறையில் தெரியும். எனக்கு அவரைத் தெரிந்தது பத்தனையில். தேயிலை முடியும் எல்லைக்கு மேலே, கொழுந்து மலைகளுக்கும் காட்டுக்கும் நடுவில் கிடக்கிற புல்வெளியை நாங்கள் பத்தனை என்போம். நான் மேமலைப் பிரிவுப் பால் சங்கத்தின் காரியதரிசி. மாடுகளின் பக்கம் பேசுவது என் வேலை. மிஸ் வந்தது புல்லின் பக்கம் பேச. ஆகவே நாங்கள் பழக ஆரம்பித்ததே சண்டையில்தான். நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதும்படி அவர் தம்பி என்னிடம் கேட்டபோது, "சண்டைய விட்டுட்டு எழுத முடியாதுங்க," என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதல் கூட்டம் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. பகலில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை அது. பத்தனைகளைப் பாதுகாப்பதற்கென்று ஒரு திட்டம் வந்திருந்தது. பாடசாலை இல்லாத நாட்களில் அந்தத் திட்டத்தை எங்கள் தோட்டத்தில் நடத்துவது மிஸ்ஸின் பொறுப்பு. சுவரில் ஒரு பதாகை கட்டியிருந்தார். பெரிய பச்சை எழுத்தில், 'நாட்டுப் புல்லைக் காப்போம்'.

வெளியூர்க்காரர்களுக்கு அதில் ஒரு பிழையும் தெரியாது. இந்த நாட்டில் தானாக முளைத்த புல் என்றுதான் அதற்குப் பொருள். ஆனால் தோட்டத்தில் 'நாடு' என்றால் வேறு. பக்கத்துச் சிங்களக் கிராமத்தைத்தான் நாங்கள் நாடு என்போம். அங்கே கூலிக்குப் போனால் நாட்டு வேலை, அங்கிருப்பவர்கள் நாட்டாளுங்க. பதாகையைப் பார்த்தவுடன் கூட்டம் முழுவதும் ஒன்றைத்தான் புரிந்துகொண்டது. பத்தனையைக் கிராமத்துக்கு எழுதிக் கொடுக்கப்போகிறார்கள், அதைச் சொல்லத்தான் இந்த அம்மாவை அனுப்பியிருக்கிறார்கள்.

மாரியாயி எழுந்தார். எங்கள் பிரிவில் மாடு வளர்ப்பவர்களுக்குள் அவர்தான் வாய்க்காரி. "அது நாட்டாளுங்க புல்லுன்னா எங்க மாடு எங்கங்க போவும்? தை மாசியில ரோட்டுக்கரையில ஒரு புல்லு இருக்காது. அந்தப் பத்தனை ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா மாட்ட வித்துட்டுப் போவச் சொல்றீங்களா?"

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. "நாட்டுப் புல்லுன்னா நம்ம புல்லுதானேங்க," என்றார். "நம்மளுதுன்னா ஏன் நாட்டுதுன்னு எழுதியிருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சத்தம் கூடியது. எனக்குச் சிரிப்பு வந்தது. மிஸ் இறம்பொடைப் பக்கத்து லயத்தில் பிறந்தவர், இந்தப் பேச்சு அவருக்கும் சொந்தம் என்பது எனக்குத் தெரியும். திடீரென்று அவருக்கு உறைத்தது. ஸ்டூலில் ஏறிப் பதாகையைத் தானே அவிழ்த்தார். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க. படிச்சுப் படிச்சு நம்ம பாஷையே எனக்கு மறந்துபோச்சு," என்றார். அப்புறம், "நீங்க என்ன பேரு சொல்வீங்க?" என்று கேட்டார். "பத்தனப் புல்லும்போம், வேற என்ன," என்றார் மாரியாயி. அன்றிலிருந்து மிஸ் அந்தப் பேரைத்தான் சொன்னார், எழுதினார். மேலே அனுப்பிய அறிக்கைகளிலும் அதுவே இருந்தது.

பெயர்ச் சண்டை தீர்ந்தது. மாட்டுச் சண்டை தீரவில்லை. பத்தனை முழுவதற்கும் வேலி போட்டு மாடுகளை வெளியே நிறுத்த வேண்டும் என்பது திட்டம். மாடு மிதித்து மேய்வதால்தான் அருமையான செடிகள் அழிகின்றன என்று மிஸ் நம்பினார். நான் முடியாது என்றேன். அவரும் விடவில்லை. கடைசியில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை முன்னிலையில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். மேல்பாதிக்கு வேலி, கீழ்ப்பாதி மாட்டுக்கு. மூன்று வருஷம் பார்ப்பது. வேலிக்குள் செடிகள் நன்றாக வந்தால் மீதிக்கும் வேலி. எங்கள் மாடுகள் எல்லாம் அந்த மூன்று வருஷத்தை நம்பித்தான் நின்றன.

மிஸ் பத்தனையில் நடப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குனிந்த தலை நிமிராது. இரண்டடி வைப்பார், நிற்பார், உட்கார்ந்து புல்லை விலக்கிப் பார்ப்பார், மறுபடி இரண்டடி. ஒரு காலை முழுக்க ஒரு சின்னச் சரிவைத் தாண்டமாட்டார். "மிஸ்ஸு மேய்ஞ்சுகிட்டிருக்கு," என்பார் மாரியாயி. அது மிஸ்ஸின் காதிலும் விழுந்தது. கோபிக்கவில்லை. "ஆமா, நீங்க மாட்டுக்குக் கயிறு போட்டிருக்கீங்க, எனக்குப் போடல," என்றார்.

எனக்கு எல்லாமே புல்லாகத்தான் தெரிந்தது. அதை ஒருநாள் சொல்லியும் விட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "புல்லுன்னு ஒண்ணு இல்ல அண்ணே. ஆளுங்கன்னு சொல்ற மாதிரிதான் அதுவும். கிட்டப் போனாத்தான் யார் யாருன்னு தெரியும்," என்றார். பிறகு உட்காரவைத்துக் காட்டினார். கூர்மையான ஓரத்தோடு தூராக நிற்பது மானா. மெல்லியதாக, செம்மையாகக் கதிர் விடுவது வேறு. ஈரமான இடத்தில் விரல்நுனியளவு சிவந்த செடி ஒன்று, இலையில் பசை வைத்துப் பூச்சி பிடிக்கிறது. நிலத்தோடு ஒட்டி ஊதாப் பூ பூப்பதற்குச் சிங்களத்தில் பினர என்று பெயர், அந்தப் பெயரில் மாதமே இருக்கிறது. "நம்ம ஆளுங்க இவ்வளவு காலமா இதுக்கு மேல நடந்திருக்கோம், ஒரு பேரு வைக்கல பாருங்க," என்றார். தேயிலைக்குள்ளே நிற்பவர்களுக்குப் பூவுக்குப் பேர் வைக்க எங்கே நேரம் என்று கேட்டேன். அவர் மறுபடி குனிந்து அடுத்த செடியை விலக்கினார்.

வேலி போட்ட முதல் மழையில் ஒரு கூத்து நடந்தது. பதாகைச் சண்டையில் மிஸ்ஸை ஏசியது மாரியாயிக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உதவி செய்வோம் என்று நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்குள் போய் வெறுமையாகக் கிடந்த இடமெல்லாம் புல் நட்டுவிட்டு வந்தார். நட்டது கொத்மலைப் புல். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் மண் தேறுவதற்காகத் தோட்டங்களில் நடுவார்களே, ஆளுயரத்துக்கு வளருமே, அது. அடுத்த வாரம் வந்த மிஸ் பார்த்ததும் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கதானே மிஸ்ஸு நம்ம ஊரு புல்லு வேணும்னீங்க. இத விட நம்ம ஊரு எது? இந்தா இருக்கு கொத்மல," என்று மாரியாயி பள்ளத்தாக்கைக் காட்டினார்.

"அது கொத்மல இல்லங்க. குவாத்தமாலா. கடலுக்கு அங்கிட்டு இருக்கிற ஒரு தேசம். வெள்ளக்காரன் தோட்டத்துக்குன்னு கொண்டுவந்தது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் யாரோ ஒரு கண்டாக்கு சொன்ன பெயரை எங்கள் ஆட்கள் காதில் விழுந்தபடி சொல்லி, கடல் கடந்து வந்த புல்லுக்குப் பக்கத்து ஊர்ப் பிரஜாவுரிமையே கொடுத்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த வம்சமான எங்களுக்கு அது கிடைக்க எத்தனை காலமானது என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். மாரியாயி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அதுவும் நம்மள மாதிரி கப்பல்ல வந்ததா," என்றார். "வந்ததயெல்லாம் புடுங்கணும்னு சொல்றீங்களா மிஸ்ஸு?"

மிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் புல்லப் பத்தித்தான் பேசுறேங்க. மனுசரப் பத்தி இல்ல. இது இங்க நின்னா மத்ததுக்கு வெயில் விழாது. மாட்டுப்பட்டி ஓரத்துல நட்டா மாட்டுக்கு ஆகும். வாங்க, நானும் புடுங்குறேன்," என்றார். அன்று சாயங்காலம் வரை எல்லாருமாகப் பிடுங்கி, கீழே பட்டிகளுக்கு ஓரமாக நட்டோம். இன்றும் அது அங்கே நிற்கிறது. வெயில் காலத்தில் பாதி மாடுகளுக்கு அதுதான் சோறு. நாங்கள் இன்னும் கொத்மலைப் புல் என்றுதான் சொல்கிறோம், மிஸ்ஸும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்.

இரண்டாம் வருஷம் மாசியில் கீழ்ப்பாதி எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. காய்ந்த மானாவைக் கொளுத்தினால் இளம் தளிர் வரும், மாடு விரும்பித் தின்னும். தலைமுறையாகச் செய்துவந்த வேலைதான். தகவல் கேட்டு மிஸ் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார், பாடசாலைச் சேலையோடு. நெருப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. சிவப்புப் பூ பூக்கும் ரத்மல் மரத்தில் ஒரு கிளையை ஒடித்து எங்களோடு நின்று அடித்தார். சேலைக் கரை கருகிவிட்டது. அணைந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்ச நாளைக்கு இளம் புல்லு. அதுக்காக மலையவே கொளுத்துவீங்களா அண்ணே?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "பாதிய நீங்க எடுத்துக்கிட்டீங்க. அத்தன மாடும் மீதியிலதான் நிக்குது. வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கத்தினேன். மூஞ்சியெல்லாம் கரி. அவர் கிளையைக் கீழே போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.  அந்தக் கேள்வி அவரோடு ஹட்டனுக்குப் போயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் வேலிக்கு உள்ளே பார்த்ததைவிட வெளியே பார்த்ததுதான் அதிகம். எங்கள் ஆட்களும் அந்த வருஷத்தோடு நெருப்பை நிறுத்தினார்கள். கருகிய சேலைக்கரையைப் பார்த்த பிறகு யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்று வருஷம் முடிந்தது. கொழும்பிலிருந்து திட்டத்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பினர பூக்கும் மாதம். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். வேலிக்கு உள்ளே தூரத்தில் பார்க்கப் பச்சைப் பசேல் என்று இடுப்புக்கு மேலே நிற்கிறது. வெளியே கட்டைப் புல். படம் எடுத்தால் எது அழகு என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். மாரியாயி முந்தின நாளே தன் மாட்டை விலைபேச ஆள் கேட்டிருந்தார்.

மிஸ் அதிகாரிகளை வேலிக்குள் கூட்டிக்கொண்டு போனார். உயர்ந்து நின்ற மானாவை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினார். அடியில் பழைய சருகு மெத்தை மாதிரிக் கிடந்தது. அதற்குக் கீழே வெளிச்சமே இல்லை. பினர இல்லை, பூச்சி பிடிக்கும் செடி இல்லை. பிறகு எல்லாரையும் வெளியே கூட்டிவந்தார். மாடு மேய்ந்த கட்டைப் புல்லுக்குள் ஊதாப் பூ திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. தண்ணீர் குடிக்க மாடுகள் கூடும் ஓடைக்கரைக்கும் கூட்டிப்போனார். அங்கே மிதிபட்டு வெறும் மண். அதையும் மறைக்கவில்லை.

"வேலி போட்டது என்னுடைய முடிவு. அது சரிவரவில்லை," என்று சிங்களத்தில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தாங்களே தலைகீழாக நின்று போட்ட வேலியைத் தாங்களே பிழை என்று சொன்ன படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதிகாரிகளில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. "இந்த மாடுகள் இந்த நாட்டு இனமே இல்லை. இவற்றுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டார். மாரியாயிக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மிஸ் குரலை உயர்த்தவில்லை. "முன்பு இந்தப் பத்தனையில் மரை மான்கள் மேய்ந்தன. இப்போது இங்கே ஒன்றுகூட இல்லை. யாராவது இந்தப் புல்லைத் தின்றுதான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் மானா மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அந்த வேலையை இப்போது இந்த அம்மாவின் மாடு செய்கிறது. வேலை செய்கிறவர்களிடம் எங்கிருந்து வந்தாய் என்று நான் கேட்பதில்லை," என்றார். மாரியாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

திட்டம் அடுத்த வருஷம் நின்றுபோனது. மீதி வேலி வரவேயில்லை. மிஸ் மட்டும் நிற்கவில்லை. சங்கத்தோடு உட்கார்ந்து ஓர் ஒழுங்கைச் செய்துகொண்டார். மாடுகள் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் மாறி மாறிப் போகும். பினர பூத்து விதை உதிரும்வரை மேல்பாதிக்குள் ஒரு மாடும் நுழையக்கூடாது. நெருப்பு கூடாது. வேலியில் ஓர் இடத்தில் கம்பியை வெட்டி வாசல் வைத்தோம். பூக்கும் காலத்தில் அதைக் கட்டுவதும், விதை உதிர்ந்ததும் அவிழ்ப்பதும் வருஷா வருஷம் மிஸ்தான் வந்து செய்தார். ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

கடைசியாக அவர் வந்தது போன வருஷம். நோய் அப்போதே நன்றாக முற்றியிருந்தது. காலத்தோடு டொக்டரிடம் காட்டாததற்கு எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு செடி வாடினால் மூன்று பஸ் மாறி வருகிறவர், தன் உடம்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆட்டோவில் வாசல்வரை வந்தார். தலையில் ஸ்கார்ஃப். கொஞ்சம் நடந்து, வழக்கம்போலக் குனிந்தார். "ஒடம்பு முடியாட்டியும் மேய்ச்சல விடமாட்டீங்க போல," என்றார் மாரியாயி. மிஸ் சிரித்தார். பிறகு என்னிடம், "நான் இல்லாட்டி இந்தக் கம்பியத் தொறந்து விட்ருவீங்க அண்ணே. எனக்குத் தெரியும்," என்றார்.

"தொறக்க மாட்டோம் மிஸ்," என்றேன்.

"மாட்டோம்னு சொல்லாதீங்க. அதுல ஆளே இல்ல. மாட்டேன்னு சொல்லுங்க."

நான் பேச்சை மாற்றினேன். சாவைப் பற்றி யாரும் அப்படி நேராகப் பேசினால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அவர் போனது இந்த வருஷம் பினர பூத்திருந்த நேரத்தில்தான். வாசல் கம்பி அப்போது கட்டப்படவில்லை. வருவார் என்று விட்டிருந்தோம். ஹட்டனில் துக்கப் பதாகை அடிக்க நானும் மாரியாயியும் போனோம். அச்சுக்கடைக்கார முஸ்லிம் அண்ணன், நானா என்போம், வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "பிறப்பிடம்?" இறம்பொடை என்றேன். எங்களுக்குப் பிறப்பிடம் லேசான சொல் அல்ல, பாட்டன் காலத்தில் பிரஜாவுரிமை தர அதற்கு அத்தாட்சிக் கடுதாசி கேட்டிருக்கிறார்கள். "வசிப்பிடம்?" ஹட்டன். அவர் தட்டி முடித்து, "அவ்வளவுதானே?" என்றார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் மாரியாயி. "மேமல பத்தனைய மேய்ச்சலிடமாகவும் கொண்டன்னு போடுங்க."

நானா கையை எடுத்துவிட்டார். "மவுத்து பேனர்ல இப்படி நான் அடிச்சதே இல்ல. யாராச்சும் ஏசுவாங்க."

"ஏசுறதுக்குத்தான் மிஸ்ஸு இல்லையே. நீங்க அடிங்க."

நானா என்னைப் பார்த்தார். அடியுங்கள் என்றேன். 'இறம்பொடையைப் பிறப்பிடமாகவும், ஹட்டனை வசிப்பிடமாகவும், மேமலைப் பத்தனையை மேய்ச்சலிடமாகவும் கொண்ட' என்று அடித்துக் கொடுத்தார். செத்த வீட்டில் அதைப் படித்தவர்கள் முதலில் திடுக்கிட்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். தம்பி, "அக்காவுக்குப் புடிச்சிருக்கும்," என்றார்.

அடக்கம் முடிந்த வாரத்தில் மழை பொய்த்தது. கீழ்ப்பாதியில் புல் குறைந்துவிட்டது. "மிஸ்தான் இல்லையே, மேல கொண்டுபோயி விட்டா என்ன?" என்று சங்கத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். நான் வீட்டுக்குப் போய், செத்த வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பதாகையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். வாசல் இடைவெளி சரியாக அதன் அகலம்தான். நாலு மூலையையும் கம்பியில் இறுக்கிக் கட்டினேன். அடுத்த நாள் காலையில் மாடுகள் வந்து அதன் முன்னால் நின்றன. மாட்டுக்குப் படிக்கத் தெரியாது. ஓட்டிவந்தவர்களுக்குத் தெரியும். திருப்பிக் கொண்டுபோனார்கள். மாரியாயி அன்று தன் மாட்டுக்குப் பட்டி ஓரத்துக் கொத்மலைப் புல்லை அறுத்துப் போட்டார், கேட்டவர்களுக்கும் கொடுத்தார்.

விதை உதிர்ந்துவிட்டது. போன வாரம் மாரியாயியும் நானும் போய்ப் பார்த்தோம். இருவரும் குனிந்துதான் பார்த்தோம், யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பதாகையை அவிழ்த்தோம், மாடுகள் உள்ளே போயின. பதாகையின் மண்ணைத் தட்டி, மடித்து, பால் கொட்டகையில் அளக்கும் குவளைகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். மிஸ்ஸின் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். வருகிற வருஷம் பினர பூக்கும்போது மறுபடி எடுத்துக்கொண்டுபோய் வாசலில் கட்டுவேன். கட்டுவோம் என்று எழுதவில்லை மிஸ். கட்டுவேன்.